பொறுக்கு விதையும் இயற்கையின் பொறுக்கும்

திண்டுக்கல் ஜில்லாவின் சமவெளிப் பாகங்களில் புது விதை வாங்கி விதைத்த முதற் போகத்தில் பயிர் ஒரே உயரமாய் வளர்ந்து, ஏறக்குறைய ஒரே நாளில் கதிர் விட்டு நிற்பதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். அதே விதையை வீட்டில் எடுத்து வைத்து விதைத்து வந்தால், ஏழெட்டுப் போகங்களுக்குப் பின் பயிர் நெட்டையும் குட்டையுமாய், முந்தியும் பிந்தியுமாய் விளைவதும், மகசூல் குறைவதும் அவர்கள் அறிந்ததே. "விதை களைத்துவிட்டது" என்று இதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். சிலர் மண்ணின் மேல் பழி போடுவார்கள். சிலர் உரத்தின் மேல் போடுவார்கள்.

விதைக்குக் களைப்பு என்பது ஒன்றுமில்லை. மனிதன் பொறுக்குவதை நிறுத்திய நாள் முதல் அந்த வயலில் இயற்கை பொறுக்கத் தொடங்கிவிடுகிறது. இயற்கையின் பொறுக்கு எப்பொழுதும் நடந்துகொண்டே இருப்பது. அதற்குக் கூலி இல்லை, ஓய்வும் இல்லை. ஆனால் அது குடியானவனின் களஞ்சியத்தை எண்ணிப் பொறுக்குவதில்லை. இவ்விரு பொறுக்குகளுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்ந்தவன் தன் விதையைக் காப்பாற்றிக்கொள்வான். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகைப் பொறுக்கு

எந்தப் பயிரிலும் எந்தக் கால்நடையிலும் ஒன்றைப்போல் மற்றொன்று முழுவதும் இருப்பதில்லை. ஒரு கதிர் நீளமாயிருக்கும், ஒன்று குட்டையாயிருக்கும். ஒரு மாடு வெயிலைத் தாங்கும், ஒன்று தாங்காது. இவ்வித வேறுபாடுகளில் சில சந்ததிக்கு இறங்குகின்றன. இவ்வளவும் இரு பொறுக்குகளுக்கும் பொதுவானவை.

இவற்றில் எது அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது யார் என்பதில்தான் பேதம் பிறக்கிறது. காட்டில் அதைத் தீர்மானிப்பவை வறட்சி, வெள்ளம், புழு, பறவை, நிழல், பக்கத்துச் செடியின் போட்டி ஆகியவை. இவற்றுக்குத் தப்பி அதிகச் சந்ததியை விட்டுச் செல்வது எதுவோ அதுவே பெருகுகிறது. இதுவே இயற்கைத் தெரிவு. இதற்கு முன்கூட்டிய நோக்கம் எதுவும் கிடையாது. வயலிலும் தொழுவத்திலும் மனிதன் தனக்கு வேண்டிய குணத்தை முன்னரே மனத்தில் கொண்டு, அக்குணமுடையதை விதைக்கும் இனவிருத்திக்கும் வைத்துக்கொண்டு மற்றதை விலக்குகிறான். இது செயற்கைத் தெரிவு. பொறுக்கு விதை எடுத்தல் என்பதும், பொலிகாளை வைத்தல் என்பதும் இதுவே.

இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பிரசித்தமான நூலின் முதல் அத்தியாயத்தையே வீட்டு விலங்குகளுக்கும் பயிர்களுக்கும் ஒதுக்கினார். புறா வளர்ப்போர் எங்ஙனம் பலவகைப் புறாக்களை உண்டாக்கினர் என்று காட்டிய பிறகே, இயற்கையும் அவ்வண்ணம் பொறுக்குகிறது என்று அவர் நிறுவப் புகுந்தார். மனிதன் பொறுக்குவதிலும் அவர் இருவகை கண்டார். இன்ன குணம் வேண்டும் என்று திட்டமிட்டுப் பொறுக்குவது ஒன்று. நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் தின்றோ விற்றோ தீர்ப்பதனால், எண்ணாமலே ரகம் மாறிவருவது மற்றொன்று. நம் முன்னோர் செய்தது பெரும்பாலும் இரண்டாவது வகை.

கதிரில் நிற்கும் மணி

குளக்கரைகளிலும் பள்ளங்களிலும் தானே முளைக்கும் காட்டு நெல்லைக் கவனித்தால் இவ்வித்தியாசம் பிரத்தியட்சமாகும். அதன் மணிகள் முற்றியவுடன் உதிர்ந்துவிடும். எல்லா மணிகளும் ஒரே காலத்தில் முற்றுவதில்லை. உதிர்ந்தவையும் ஒரே மழையில் முளைக்காமல், சில மண்ணில் உறங்கிக் கிடந்து பிந்தி முளைக்கும். அச்செடிக்கு இவை யாவும் நன்மையே. உதிராத மணி தரையைச் சேராது; எல்லாம் ஒருங்கே முளைத்தால் ஒரு வறட்சியில் அனைத்தும் மாளும்.

மனிதன் அரிவாளுடன் வந்தபோது கணக்குத் தலைகீழாயிற்று. உதிர்ந்த மணி அவன் கைக்கு எட்டாமல் போயிற்று. கதிரில் நின்ற மணியே களத்துக்கு வந்தது. அதிலிருந்தே மறு வருஷத்து விதையும் எடுக்கப்பட்டது. காட்டில் குறையாயிருந்த குணம் வயலில் சிறப்பாயிற்று. நெல்மணி உதிராமல் நிற்பதற்குப் பெருங்காரணமாயுள்ள ஒரு மரபுக் கூறு 2006-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதில் நேர்ந்த மாறுதல் மிகச் சிறியதே. அம்மாறுதல் காட்டில் தோன்றியிருந்தால் நிலைத்திராது. மனிதன் அறுத்து விதைத்ததனால் நிலைத்தது. இன்று பயிரிடும் நெல்லை ஆள் துணையின்றி விட்டுவிட்டால், சில வருஷங்களில் களையும் காட்டு நெல்லும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நெட்டையும் குட்டையும்

முதலில் சொன்ன விதைக்கேட்டின் காரணம் இங்கே விளங்கும். பயிர்ச் செடி ஒவ்வொன்றும் பக்கத்துச் செடியோடு வெயிலுக்கும் நீருக்கும் போட்டியிடுகிறது. உயர்ந்து வளர்ந்து அகன்ற இலைகளைப் பரப்பும் செடி பக்கத்துச் செடிக்கு நிழல் போட்டு, தான் அதிகமாக விதை விடும். இயற்கைக்கு அதுவே வெற்றி. குடியானவனுக்கு வேண்டுவது தனிச் செடியின் வெற்றியன்று, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதே. செடிகள் ஒன்றையொன்று நெருக்காமல், வைக்கோலுக்குச் செலவிடும் சத்தை மணிக்குத் திருப்பும் வயல்தான் அதிகம் விளையும். குட்டை ரகங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. 1966-ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 ரகம் உரத்தைத் தாங்கிச் சாயாமல் நின்றது, அதன் குட்டைத் தன்மையினால்தான்.

அந்நிலையத்தைச் சேர்ந்த ஜென்னிங்ஸ், டி ஜீஸஸ் என்னும் இருவர் நெட்டை, குட்டை நெல் ரகங்களைக் கலந்து பயிரிட்டுப் பார்த்து, 1968-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தனியே பயிரிட்டால் அதிகம் விளையும் குட்டை ரகங்கள், நெட்டை ரகங்களோடு கலந்து பயிரானபோது சில போகங்களிலேயே அருகிப் போயின. குறைவாக விளையும் நெட்டை ரகங்களே கலவையில் மேலோங்கின. போட்டியில் வல்ல செடி ஒன்று, விளைச்சலில் வல்ல செடி மற்றொன்று என்பது இதனால் தெளிவாகும்.

இதை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஒரு வயலில் நூறு செடிக்கு இரண்டு கலவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்துச் செடிகளை நெருக்கி வளர்வதனால் கலவன் செடி ஒவ்வொன்றும் மற்றதைப்போல் ஒன்றரை மடங்கு விதை விடுவதாகக் கொள்வோம். அறுத்த நெல்லையே பொறுக்காமல் விதைத்து வந்தால், ஐந்து போகத்தில் கலவன் நூற்றுக்குச் சுமார் 13 ஆகும். பத்துப் போகத்தில் பாதியைத் தாண்டி 54 ஆகும். இருபோக நிலத்தில் இது ஐந்து வருஷக் கதை. முதற் போகத்திலேயே அந்த இரண்டு செடிகளைப் பிடுங்கி எறிந்திருந்தால் இக்கேடு தொடங்கியிராது.

மேட்டு மணியா, மரபு மணியா

பொறுக்குவதிலும் ஒரு தவறு நிகழ்வதுண்டு. வரப்போரத்தில் நிற்கும் கதிர் நீளமாயிருக்கிறதென்று அதை விதைக்கு எடுப்பவர்கள் பலர். வரப்போரச் செடிக்கு ஒரு பக்கம் போட்டியில்லை. எருக்குவியல் கிடந்த இடத்துச் செடிக்கு உணவு அதிகம். அக்கதிரின் நீளம் இடத்தினால் வந்தது, பிறப்பினால் வந்ததன்று. அது சந்ததிக்கு இறங்காது.

டென்மார்க் தேசத்து ஜோஹான்ஸன் என்னும் அறிஞர் 1903-ஆம் ஆண்டில் அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு விதையைக்கொண்டு இதை நிரூபித்தார். ஒரே செடியின் வழிவந்த சந்ததியில் பெரிய விதையைப் பொறுக்கி விதைத்தாலும் சிறிய விதையைப் பொறுக்கி விதைத்தாலும் விளைந்த விதையின் சராசரி எடை ஒன்றாகவே இருந்தது. வெவ்வேறு செடிகளின் வழிவந்த சந்ததிகளுக்குள் பொறுக்கியபோதுதான் பலன் கிடைத்தது. மரபில் வேறுபாடு உள்ள இடத்தில் மட்டுமே பொறுக்கு வேலை செய்யும் என்பது இதனால் ஏற்பட்ட விதி. இயற்கையின் பொறுக்குக்கும் இவ்விதி பொருந்தும்.

உப்புக் கரைசலில் நெல்லைப் போட்டு மிதக்கும் பதரை நீக்கும் முறையையும் இங்கே பிரித்தறிதல் வேண்டும். பத்து லிட்டர் நீரில் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, நல்ல கோழிமுட்டை மிதக்கும் பதத்தில் விதையை இட்டு, அமிழ்ந்ததை எடுத்து இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவி விதைப்பது நல்ல வழக்கமே. நாற்று வாளிப்பாய் வரும். ஆனால் இதனால் ரகம் சுத்தமாவதில்லை. கலவன் நெல்லும் கனமாயிருந்தால் அமிழத்தான் செய்யும். கனத்த மணியைப் பிரிப்பது ஒன்று, நல்ல குலத்தைப் பிரிப்பது வேறொன்று.

கண்ணில் பட்ட ஒரு செடி

நல்ல குலத்தைப் பிரித்தெடுத்ததற்குத் தமிழ்நாட்டில் சிறந்த உதாரணம் ஜி.இ.பி. 24 என்னும் நெல். கோயம்புத்தூரில் 1912-ஆம் ஆண்டில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே சர்க்கார் பொருளாதாரத் தாவர நிபுணராயிருந்த பார்னெல் என்பவரின் காலத்தில், கோணமணி என்னும் ரகத்தில் தானாகவே மாறிப் பிறந்த ஒரு செடி தென்பட்டது. அதன் சந்ததியைத் தனியே பெருக்கி 1921-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கிச்சடிச் சம்பா என்று ஜனங்கள் வழங்கிய அந்தச் சன்ன ரகம் ராஜதானியெங்கும் பரவியது.

அம்மாறுதலை உண்டாக்கியது இயற்கை. ஆயினும் மணி சன்னமாயிருப்பதனால் செடிக்கு வயலில் எவ்வித அனுகூலமும் இல்லை. ஆராய்ச்சியாளர் கண்ணில் படாதிருந்தால் அது மற்ற நெல்லோடு நெல்லாய் அறுக்கப்பட்டு, உலையில் வெந்து மறைந்திருக்கும். வேறுபாட்டைத் தருவது இயற்கையாயினும், அதன் விலையை மதிப்பது மனிதன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை. அந்த ஒரு செடியின் வழியில் பின்னர் எத்தனையோ ரகங்கள் பிறந்தன. 1960-களில் தஞ்சைப் பக்கங்களில் பரவிய ஆடுதுறை 27-க்கும், திரூர்க்குப்பம் 6-க்கும் ஜி.இ.பி. 24 ஒரு பெற்றோர். திரூர்க்குப்பம் 6 வழியே ஐ.ஆர். 20-லும் அதன் இரத்தம் ஓடுகிறது.

இயற்கை தாமதித்தோ தற்செயலாகவோ செய்வதை மனிதன் இணைசேர்த்தும் செய்விக்கிறான். 1912-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனவிருத்தி நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த கரும்பை நாணல் இனத்துக் காட்டுக் கரும்போடு சேர்த்து, கோ. 205 என்னும் ரகத்தை உண்டாக்கி 1918-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இனிப்பு மனிதன் பொறுக்கியது; பஞ்சாபின் குளிரையும் வறட்சியையும் தாங்கும் உறுதி காட்டில் இயற்கை பொறுக்கியது. இரண்டும் ஒரு கரும்பில் கூடின. காட்டினங்களையும் பழைய நாட்டு ரகங்களையும் பேணிவைக்க வேண்டும் என்று சொல்லுவதன் காரணமும் இதுவே. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிக் காட்டில் தலைமுறை தலைமுறையாய் விளைந்த சோளமும் சாமையும், மழை தவறிய வருஷங்கள் ஒவ்வொன்றிலும் இயற்கையின் பரீட்சையில் தேறிவந்தவை.

தோட்டத்திலும் தொழுவத்திலும்

ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் செடிமுருங்கை பொறுக்கின் பலனைக் கண்முன் காட்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், எப்போதும்வென்றான் என்னும் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு நாட்டு முருங்கையைத் தொடர்ந்து ஆறு தலைமுறை தன் மகரந்தத்தாலேயே காய்க்கச் செய்து பொறுக்கிவந்தனர். பி.கே.எம். 1 என்னும் பெயரில் அது 1989-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விதைத்த சுமார் ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வந்து, 65 முதல் 70 சென்டிமீட்டர் நீளக் காய்களைக் கொடுப்பது அதன் குணம். மரமுருங்கையைப் போத்து நட்டு வளர்ப்பதனால் தாய் மரத்தின் குணம் மாறுவதில்லை. செடிமுருங்கை விதையினால் பெருகுவது. முருங்கைப் பூவில் தேனீயும் வண்டும் மகரந்தம் மாற்றும். பக்கத்தில் பலவகை முருங்கை நிற்கும் தோட்டத்தில் விதை எடுத்தால் சில தலைமுறைகளில் காயின் நீளமும் ருசியும் கலைந்துவிடும்.

ஜில்லாவின் வடமேற்குப் பாகங்களில் வளர்க்கும் காங்கயம் மாடு மற்றோர் உதாரணம். கிளுவை வேலியிட்ட கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல் நெற்றையும் மேய்ந்து, வெயிலைத் தாங்கி நிற்பதை அதற்குக் கற்பித்தது இயற்கை. உழவுக்கும் வண்டிக்கும் ஏற்ற கட்டுடலையும் நடையையும் அதில் நிலைநாட்டியது மனிதன் கை. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் பொலிகாளைகளைப் பொறுக்கி வளர்த்து அவ்வினத்தை மேம்படுத்தியவர் என்று கால்நடை வல்லுநர் பாராட்டுவர்.

காயடித்தல் என்பதே ஒரு பொறுக்கு என்பதைப் பலர் நினைப்பதில்லை. காயடித்த காளைக்குச் சந்ததி இல்லை. நல்ல விலை கிடைக்கிறதென்று வாளிப்பான காளைக்கன்றுகளையெல்லாம் காயடித்து விற்றுவிட்டு, விலைபோகாததை மந்தையில் விட்டுவைத்தால், ஊர் மந்தையின் தகப்பன் யார் என்பதைக் குடியானவன் யோசிக்க வேண்டும். அவன் எண்ணாமலே செய்யும் பொறுக்கு மந்தையைக் கீழே இறக்கும். ஒரு குணத்தை மட்டும் பார்த்துப் பொறுக்குவதிலும் நஷ்டம் உண்டு. சீமை இனக் கலப்பினால் பால் பெருகிற்று என்பது மெய். அக்கலப்பு மாடுகளுக்குக் கோடையின் வெப்பமும் உண்ணியும் அதிகத் தொல்லை தருவதும் மெய். நிழலும் தீவனமும் மருந்தும் தரக்கூடியவனுக்கு அவை இலாபம். தர இயலாதவனுக்கு நாட்டு மாட்டின் உறுதியே முதல்.

இயற்கை எதிராகப் பொறுக்கும்போது

குடியானவன் தன் பயிரை மட்டும் மாற்றுவதில்லை. தன் களையையும் பூச்சியையும் கூட அவன் அறியாமலே பொறுக்கிக்கொண்டிருக்கிறான்.

நெல் வயலில் குதிரைவாலி இனத்துக் களைகளைப் பார்க்கலாம். சாய்ந்து படர்ந்து, நெல்லினின்று வேறாய்த் தெரியும் செடி களையெடுப்பவர் கையில் முதலில் அகப்படும். நெல்லைப்போல் நிமிர்ந்து, ஒடுங்கிய இலையோடு நிற்பது கண்ணுக்குத் தப்பி விதை விடும். ஆண்டாண்டாய் இப்படி நடந்ததனால் களையே நெல்லின் வேஷம் பூண்டுகொண்டது. சீன தேசத்தில் இக்களையின் மரபை ஆராய்ந்தவர்கள், இவ்வேஷம் ஏறத்தாழ ஆயிரம் வருஷங்களுக்கு முன் தொடங்கியது என்று 2019-ஆம் ஆண்டில் அறிவித்தனர். களைக்கு இவ்வேஷத்தைத் தர யாரும் விரும்பவில்லை. கை மனிதனுடையது, ஆனால் நடந்தது இயற்கைத் தெரிவே.

பருத்தியில் இதே கதை விரைவாக நடந்தது. காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002-ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. இரண்டு நச்சுக்கள் கொண்ட வகை 2006-ஆம் ஆண்டில் வந்தது. கோடிக்கணக்கான புழுக்கள் மாண்டன. தாங்கிய சில புழுக்கள் மாத்திரம் பிழைத்துத் தம்முள் இணைந்தன. 2010-ஆம் ஆண்டுக்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் நச்சைத் தாங்குவது வெளியாயிற்று. அடுத்த ஐந்தாறு வருஷங்களில் இரண்டு நச்சுக்களையும் தாங்கும் புழு பல மாநிலங்களில் தென்பட்டது. அந்நச்சு புழுவைத் தாங்கும்படி மாற்றியது என்று சொல்வது தவறு. தாங்கும் புழுக்கள் முன்னரே மிகச் சிலவாக இருந்தன. மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் செய்து கொடுத்ததே நடந்தது. ஒரே பூச்சிமருந்தை மீண்டும் மீண்டும் தெளிப்பதிலும் விளைவது இதுவே.

விதைப் பெட்டியோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை தரப்பட்டது இதைத் தடுக்கவே. நிலத்தைச் சுற்றி அதை விதைத்தால், நச்சைத் தாங்காத புழுக்கள் அங்கே பிழைத்து, தாங்கும் புழுக்களோடு இணைந்து அவற்றின் வம்சத்தை நீர்க்கச் செய்யும். அதனால் பலன் இல்லையென்று பலர் அதை விதைக்காமல் விட்டனர். அமெரிக்காவில் அரிசோனாப் பக்கத்துக் குடியானவர்கள் இப்புகலிடப் பயிரை ஒழுங்காக விதைத்தார்கள். பின்னர் மலடாக்கிய அந்துப்பூச்சிகளைப் பறக்கவிடும் முறையும் சேர்ந்தது. 2018-ஆம் ஆண்டில் அத்தேசத்துப் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இயற்கைத் தெரிவை எதிர்ப்பதைவிட அதன் போக்கை அறிந்து திருப்புவது மேல் என்பதே இதன் பாடம்.

விதையில்லாப் பயிர்

சமவெளிக்கு மேலே நிற்கும் மலைகளில் விளையும் வாழை வேறொரு படிப்பினை தருகிறது. விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றவை. வாழைக்கு விதையில்லை, பக்கக் கன்றினால் பெருகுகிறது. ஆகையால் தோட்டத்து வாழைகள் யாவும் மரபில் ஏறக்குறைய ஒரே செடி. பொறுக்குவதற்கு வேறுபாடு அங்கே இல்லை. அசுவினி பரப்பும் முடிக்கொத்து நோய் வந்தபோது, தாங்கி நிற்கும் வாழை என்று ஒன்றை இயற்கையும் பொறுக்க இயலவில்லை; தோட்டம் தோட்டமாய் அழிந்தது. நோயுற்ற தோட்டத்துக் கன்றை எடுத்து நட்டதனால் நோயும் கூடவே நடப்பட்டது. அவ்விடத்தில் குடியானவன் செய்யக்கூடிய ஒரே பொறுக்கு, நோயற்ற கன்றையோ பரிசோதித்த திசு வளர்ப்புக் கன்றையோ நட்டு, நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு உடனே அழிப்பதுதான்.

செய்ய வேண்டியவை

மேலே கூறியவற்றினின்று நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் கைக்கொள்ளத் தக்கவை பின்வருமாறு:

1. விதைக்கென்று ஒரு பாத்தியை அல்லது வயலின் ஒரு பாகத்தைத் தனியே ஒதுக்க வேண்டும். களத்தில் குவித்த நெல்லிலிருந்து விதை எடுப்பதை விட்டொழிக்க வேண்டும்.

2. பயிர் வளரும்போதும், பூக்கும்போதும், அறுப்புக்கு முன்னும் ஆக மூன்று முறை வயலில் இறங்கிக் கலவனை வேரோடு பிடுங்க வேண்டும். நெட்டையாய், செழிப்பாய்த் தோன்றுகிறதென்று கலவனை விட்டுவைக்கலாகாது. அது செழிப்பாயிருப்பதே அபாயம்.

3. வரப்போரம், எருமேடு, வெற்றிடம் ஆகியவற்றை விட்டு, சமமாக வளர்ந்த நடுவயலில் சுமார் நூறு கதிர்களைப் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு கதிரின் மணியையும் மறு போகத்தில் தனித்தனி வரிசையாய் விதைத்து, ஒத்திராத வரிசைகளை முழுதும் நீக்கி, மற்றதை ஒன்றுசேர்த்து விதையாக்கலாம். கதிரின் யோக்கியதையை அதன் சந்ததியைக் கொண்டே அறிய முடியும்.

4. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதால் மூன்று மீட்டர் இடைவெளி போதும். சோளத்தில் நூற்றுக்குச் சுமார் 5 முதல் 15 பூக்கள் அயல் மகரந்தத்தால் சூல் கொள்ளும். கம்பும் மக்காச்சோளமும் பெரும்பாலும் அயல் மகரந்தத்தையே நம்பியவை. சான்று விதைக்குச் சோளத்தில் 100 மீட்டரும், கம்பிலும் மக்காச்சோளத்திலும் 200 மீட்டரும் விலக்கு வேண்டும். ஒரு குடியானவன் நிலத்துக்குள் இது இயலாது. ஊர் முழுவதும் பேசி ஒரு பக்கத்துக்கு ஒரு ரகம் என்று ஏற்பாடு செய்தால் இயலும். இதில் கிராம உத்தியோகஸ்தர்களின் உதவி பெரிது.

5. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் விளைந்ததை விதைக்கு வைத்தல் வீண். மறு தலைமுறையில் பெற்றோரின் குணங்கள் பிரிந்து பயிர் ஒவ்வாமல் நிற்கும். அதற்கு ஒவ்வொரு போகமும் புது விதையே வேண்டும்.

6. தன் விளைச்சலில் விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் குடியானவனுக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் காப்பாற்றுகிறது. அவ்வுரிமை பயன்பட வேண்டுமானால் விதை சுத்தமாயிருத்தல் அவசியம்.

7. ஊர் மந்தைக்கு நல்ல பொலிகாளை ஒன்றையாவது பொதுவில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். அதன் சகோதரக் கன்றுகளின் வளர்ச்சியையும் தாயின் பாலையும் குறித்துக்கொள்ள வேண்டும். இனத்துக்கு உதவாத கன்றை வயது வருமுன் காயடிக்க வேண்டும்.

8. ஒரே மருந்தை எல்லாத் தெளிப்பிலும் பயன்படுத்தாமல் மாற்றித் தெளிக்க வேண்டும். பருத்தி அறுவடை முடிந்ததும் மாரையும் உலர்ந்த காய்களையும் நிலத்தில் விட்டுவைக்காமல் அகற்றி அழிக்க வேண்டும்.

இவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. கலவனைப் பிடுங்க அரை நாள் வேலை. கதிர் பொறுக்க ஒரு நாள் வேலை. அந்த ஒன்றரை நாள் வேலை தவறினால், வயலில் எந்தச் செடி அடுத்த போகத்துக்குப் போவது என்பதை நெட்டைச் செடியின் நிழலும் உதிரும் மணியும் தீர்மானித்துவிடும். இயற்கை ஒவ்வொரு போகமும் தன் பொறுக்கைத் தவறாமல் செய்கிறது. குடியானவனும் தன் பொறுக்கைத் தவறாமல் செய்துவந்தால், ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம் அவன் பேரன் காலத்திலும் அதே ரகமாய் நிற்கும்.